பதினொரு நாள் வயதுக் கறள்

1. வெள்ளைப் புள்ளடி

நான் செய்த துருசுக் கதவை "பழுதடைந்தது, உடைத்து அழிக்க" என்று மூன்று அரசாங்க உத்தியோகத்தர்கள் எழுதி ஒப்பமிட்டபோது அதற்கு வயது பதினொரு நாள். குளத்துத் தண்ணீரை அது ஒரு தடவைகூடக் கண்டதில்லை. அது கண்ட தண்ணீர் எல்லாம் நான் தூரிகை கழுவிய சிரட்டைத் தண்ணீர்தான்.

அன்று பின்னேரம் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். கையில் ஒரு பலகைப் பெட்டி, உள்ளே வைக்கோல். அந்தக் கதவைக் கொழும்புக்குப் பத்திரமாகக் கொண்டுபோவதற்காகச் செய்வித்த பெட்டி. நேரே ஸ்டோருக்குப் போனேன். உடைந்த மண்வெட்டிகளுக்கும் ஓட்டை வாளிகளுக்கும் நடுவில் என் கதவு நின்றது. அதன் மேல் வெண்கட்டியால் குறுக்கு மறுக்காக இரண்டு கோடு கீறி ஒரு புள்ளடி போடப்பட்டிருந்தது. புள்ளடியின் நீளம் ஐந்து அங்குலம், கதவின் உயரம் எட்டு அங்குலம்.

ஸ்டோர்கீப்பர் செல்லையா மேசையில் இருந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"என்ன இது?" என்றேன்.

"கழிவெண்டு கொண்டெம் பண்ணிப்போட்டினம்."

"ஆர்?"

"சேர்வே போர்ட். நாளையிண்டைக்கு வந்து தங்கடை கண்ணுக்கு முன்னாலை உடைப்பிப்பினம்."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"கேட்டதுக்கெல்லாம் சொன்னனான்," என்றார் செல்லையா. "கேக்காததைச் சொல்லுறது ஸ்டோர்கீப்பற்றை வேலை இல்லை."

நாளை மறுநாள் பின்னேர ரயிலில்தான் எங்கள் எஞ்சினியர் அந்தக் கதவோடு கொழும்புக்குப் புறப்பட இருந்தார். புள்ளடியைத் துடைப்பது ஒரு நொடி வேலை. ஆனால் துடைக்க அதிகாரம் உள்ளவர்கள் இந்த உலகத்தில் மூன்று பேர்தான் இருந்தார்கள். மூவரும் வவுனியா றெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தார்கள்.

2. படத்தில் விழாத கறள்

இது ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. அதற்கு முன் இரண்டு வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகைக்குப் படம் கீறினேன். விபத்து நடந்த சந்தி, களவு போன வீட்டின் யன்னல் போன்றவை. எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஆசிரியர் ஒன்றைத்தான் கேட்பார்: "இது நீர் கண்டதோ, நினைச்சதோ?" நினைத்தது என்றால் கடதாசி குப்பைக் கூடைக்குப் போகும்.

பிறகு ஓமந்தைக்கு அப்பால், கண்டி வீதியோரத்தில் இருந்த ஒரு சிறிய நீர்ப்பாசனக் கந்தோரில் ட்ரேசர் வேலை கிடைத்தது. எஞ்சினியர் கீறிய பிளானின் மேல் மெல்லிய துணியை விரித்து, மையால் பிரதி எடுப்பவர்தான் ட்ரேசர். அங்கும் கண்டதைத்தான் கீற வேண்டும் என்பதால் வேலை எனக்குப் பிடித்திருந்தது.

கந்தோரிலிருந்து ஏழு மைல் காட்டுப் பாதையில் போனால் நாவலடிக்குளம். நாற்பது குடும்பங்கள் அந்தக் குளத்தை நம்பி நெல் விதைத்தார்கள். குளத்தின் துருசில், அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகில், ஒரு பழைய இரும்புக் கதவு இருந்தது. இரும்புத் துருவான கறள் அதைத் தின்று, நாலு விரல் இடைவெளியில் இறுக்கிவிட்டது. மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது. அந்த இடைவெளியால் தண்ணீர் இரவு பகலாக வீணே ஓடியது. மாரியில் நிறைந்த குளம் பங்குனி முடியும் முன் வற்றியது. மாரி விதைப்பான காலபோகம் எப்படியோ ஒப்பேறியது. கோடை விதைப்பான சிறுபோகம் இரண்டு வருடமாக இல்லை.

குளத்துத் தண்ணீரைப் பங்கிடுவது வேலுப்பிள்ளை வட்டவிதானையாரின் பொறுப்பு. பங்கிடுவதற்குத் தண்ணீர் இல்லாதபடியால் அவர் மனு எழுதுவதைத் தொழிலாக்கிக்கொண்டார். மனுக்களோடு கதவின் புகைப்படங்களையும் எங்கள் எஞ்சினியர் இராசநாயகம் தலைமைக் கந்தோருக்கு அனுப்பினார். பதில் ஒரே வரியில் வந்தது: படத்தில் காணப்படுவது நிழல் ஆகலாம், பழுது என்று கொள்ள இயலவில்லை.

எஞ்சினியர் அந்தக் கடிதத்தை என் மேசையில் போட்டார். "கறுப்பு வெள்ளைப் படத்திலை கறளும் நிழலும் ஒண்டுதான் ஐசே. உவங்களுக்கு நிறம் காட்ட வேணும்."

"கதவிலை ஒரு துண்டை உடைச்சுக் கொண்டுபோங்கோவன் ஐயா," என்றார் விதானையார்.

"அது அரசாங்கச் சாமானுக்குச் சேதம்," என்றார் அங்கே பைலுடன் நின்ற செல்லையா.

கொழும்பில் புதிய கதவுகளை ஒதுக்கும் கூட்டத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அதை விட்டால் அடுத்த வருடம். அந்தக் கூட்டத்தில் மேசை மேல் வைக்க, கறளும் அதே இடத்தில் அதே நிறத்தில் இருக்கும்படி ஒரு மொடல் செய்யும் வேலை என்னிடம் வந்தது.

3. சம்பல்

அளவு ஓர் அடிக்கு இரண்டு அங்குலம். மூன்றடி அகலமும் நாலடி உயரமும் கொண்ட கதவு, ஆறு அங்குலமும் எட்டு அங்குலமுமாகச் சுருங்கியது. மண்ணெண்ணெய்த் தகரத்தில் தட்டு வெட்டினேன். தறையாணிகளுக்குக் குண்டூசித் தலைகள். உண்மைக் கதவில் அறுபத்து நாலு ஆணி இருந்தது. நானும் அறுபத்து நாலு வைத்தேன். அதுவரை இரண்டு நாள்.

கறளுக்கு வந்தபோது எனக்குச் சுலபமான ஒரு யோசனை தோன்றியது. கறள் வேண்டும் என்றால் கறளையே வைக்கலாமே. வேர்க்ஷொப்பில் காசிம் பாஸ் அராவிப் போட்ட இரும்புத் தூளைக் கூட்டி அள்ளினேன். தகரத்தில் பசை தடவி, தூளைத் தூவி, உப்புத் தண்ணீர் தெளித்து வைத்தேன். இரண்டாம் நாள் அசல் கறள் பிடித்திருந்தது.

காசிம் பாஸ் முல்லைத்தீவுக்காரர், எங்கள் ஃபிற்றர்; கைத்தொழில் தெரிந்தவரை எங்கள் பக்கம் பாஸ் என்போம். இருபது வருடமாகத் துருசுக் கதவுகளில் கறள் சுரண்டுவது அவர் வேலை. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையைச் சரித்துப் பார்த்தார்.

"நல்லாக் கிடக்கு தம்பி. தேங்காய் கொஞ்சம் காணாது."

"என்ன தேங்காய்?"

"சம்பலுக்கு."

அவர் சொன்னது சரி, மிளகாயோடு இடித்த தேங்காய்ச் சம்பல் போலத்தான் அது சிவந்து கிடந்தது. உண்மைக் கறளாக இருந்தும் அது பொய்யாகத் தெரிந்தது. கதவை ஆறில் ஒன்றாகக் குறைத்த நான் கறளைக் குறைக்கவில்லை. ஒவ்வொரு பருக்கையும் அந்தச் சின்னக் கதவில் புளியங்கொட்டை அளவுக்கு நின்றது. முழுவதையும் சுரண்டி எறிந்தேன். சின்னக் கதவுக்குக் கறளைக் கீறத்தான் வேண்டும். கீறுவதற்கு முன் பார்க்க வேண்டும்.

"இருபது வரியமாச் சுரண்டின ஆளிட்டையே பூசுறது எப்பிடியெண்டு கேக்கிறியளோ?" என்று காசிம் பாஸ் முணுமுணுத்தார். ஆனாலும் நான் குளத்துக்குச் சைக்கிள் எடுத்தபோது பின்னால் ஏறிக்கொண்டார்.

வாய்க்கால் பக்கம் நின்றால் கதவின் முகம் முழுவதும் தெரியும். பாஸ் விரலால் காட்டினார்: "ஆணித் தலையைச் சுத்தித்தான் முதல் பிடிக்கும். அங்கையிருந்து கீழ ஒழுகும், பக்கத்தாலை போகாது. அடியிலை கறுப்பு. அதுக்கு மேல செங்கட்டி. மேல போகப் போகச் செம்மஞ்சள், தோடம்பழம் மாதிரி."

அதை அப்படியே குறித்து வந்தேன். அடியின் கறுப்புக்குக் கரித்தூள், நடுவுக்குக் காவியும் அரித்த செங்கட்டித் தூளும், ஒழுகிய கோடுகளுக்குச் சுண்டக் காய்ச்சிய தேயிலைச் சாயம். ஓர் ஆணிக்கு ஓர் ஒழுக்கு. தூரிகையில் மூன்று மயிர் மட்டும் விட்டு மற்றவற்றை வெட்டினேன். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின் அடுத்தது. கடைசியில் மங்கலான வார்னிஷ் மூன்று தரம். தூசி விழாமல் இருக்க என் நுளம்பு வலைக்குள் கதவு படுத்தது. நான் நுளம்புக் கடியோடு படுத்தேன்.

விதானையார் ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்து பார்த்தார். வேலை முடிகிற கட்டத்தில் கீழ் இடது மூலையைத் தொட்டார்.

"இந்த மூலையிலை ஒரு ஓட்டை போடுங்கோவன் தம்பி."

"அங்கை ஓட்டை இல்லையே, விதானையார்."

"வாற மாரிக்கு வந்திடும்."

"வந்தாப் பிறகு போடுறன்."

"வரேக்கை எங்கடை வயல் இராது," என்றார். அது பகிடி இல்லை. ஆனாலும் ஓட்டை போட நான் சம்மதிக்கவில்லை. கண்டதைத்தான் கீறுவேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

4. கேட்டதும் சொன்னதும்

நான் வேலை செய்த கொட்டிலுக்குக் குரங்குகள் வரும். ஒரு நாள் ஒன்று என் தேயிலைச் சாயத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுப் போனது. அடுத்தது கதவு என்று பயந்து, அதை ஸ்டோரில் வைக்கும்படி செல்லையாவிடம் கொடுத்தேன். என் முதலாவது பிழை அது.

புத்தகத்தில் பதியாத பொருள் எதுவும் தன் ஸ்டோருக்குள் வரக்கூடாது என்பது செல்லையாவின் விரதம். இருபத்திரண்டு வருட சேவையில் அவர் பதிவில் ஒரு பிழை இல்லை. பதிவுப் புத்தகத்தில் மொடல் என்று எழுத இடம் இருக்கவில்லை. அவர் எழுதினார்: கதவு, துருசு, இரும்பு, சிறியது, ஒன்று.

"இரும்பு இல்லை. தகரம்," என்றேன்.

"பாக்க இரும்புதானே."

நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் அதைவிடப் பெரிய பாராட்டை அதுவரை ஒருவரும் எனக்குத் தந்ததில்லை. பேசாமல் ஒப்பமிட்டேன். அது இரண்டாவது பிழை.

சேர்வே போர்ட் வருடத்துக்கு ஒரு தடவை வரும். ஸ்டோரில் உள்ள பொருள்களைப் பார்த்து, எது பாவிக்கலாம், எது கழிவு என்று பிரிப்பது அதன் வேலை. கழித்தவற்றை யாரும் திருப்பி எடுக்காதபடி, போர்டின் முன்னிலையிலேயே உடைக்க வேண்டும். போர்டில் மூவரும் வேறு கந்தோர்களில் இருந்து வருவார்கள். பொருளைப் பற்றி அறியாதவர் என்றால் பக்கம் சாய மாட்டார் என்பது எண்ணம். அந்த வருடத் தலைவர் நல்ல உயரம். மடிப்புக் குலையாத வெள்ளை லோங்ஸ், அதாவது நீளக் காற்சட்டை.

நான் பெட்டி எடுக்க வவுனியாவுக்குப் போயிருந்த நேரம் போர்ட் வந்தது. நடந்ததைச் செல்லையா ஒரு சொல் கூட்டாமல் சொன்னார். சாமான் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்ற காசிம் பாஸும் அதையே சொன்னார். ஆகவே இரண்டு சாட்சி.

"இது என்ன?" என்று தலைவர் கேட்டார்.

"துருசுக் கதவு, சேர்," என்றார் செல்லையா.

"இவ்வளவு சின்னனோ?"

"சின்னன் எண்டுதான் பதிஞ்சு கிடக்கு, சேர்."

"எப்ப வந்தது?"

"இந்த மாசம்."

"இந்த மாசம் வந்த சாமான் இந்தக் கோலத்திலையோ? ஆர் பாரமெடுத்தது?"

"நான்தான், சேர். வரேக்கையே இப்பிடித்தான் வந்தது."

தலைவர் சுட்டுவிரலால் கதவைத் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. மூன்று பூச்சு வார்னிஷ். "கையிலை ஒட்டவும் இல்லை. அவ்வளவுக்கு ஊறிப்போச்சு," என்று மற்ற இருவருக்கும் விளங்கப்படுத்தினார். பிறகு தூக்கினார். "பாரமும் இல்லை. உள்ளுக்கை முழுக்கத் தின்னுட்டுது."

காசிம் பாஸ் மெல்ல, "சேர், அது உண்மையான கறள்..." என்று தொடங்கினார்.

"உண்மையான கறள் எண்டு எனக்கும் தெரியும்," என்றார் தலைவர். புள்ளடி விழுந்தது.

5. கறள் பூசியவன்

அடுத்த நாள் காலை எஞ்சினியரும் நானும் கதவைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் றெஸ்ட் ஹவுஸுக்குப் போனோம். கழித்த சாமானைத் தனியே வெளியே விட முடியாது என்று செல்லையாவும் கூட வந்தார். காசிம் பாஸ்தான் சாரதி. தலைவர் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இது மொடல், சேர்," என்றேன். "கறள் நான் பூசினது."

பிசைந்த கை நின்றது.

"கறள் பூசினதோ?"

"ஓம் சேர்."

"ஐசே, நான் இருபத்தாறு வரியம் அரசாங்கத்திலை இருக்கிறன். கறள் சுரண்டினவனைக் கண்டிருக்கிறன். சுரண்டாமல் சுரண்டினது எண்டு எழுதினவனையும் கண்டிருக்கிறன். பூசினவனை இண்டைக்குத்தான் காணுறன்."

எஞ்சினியர் முழுக் கதையையும் சொன்னார். தலைவர் கேட்டார். ஆனால் அவர் கழித்தது பதினொரு நாள் வயதுப் பெயின்ற் என்பதை அந்த மேசையில், மற்ற இரண்டு அங்கத்தவர்களுக்கு முன்னால் ஒப்புக்கொள்ளும் மனிதராக அவர் தெரியவில்லை.

"அப்ப சுரண்டிக் காட்டும்," என்று பட்டர் பூசும் கத்தியை என்னிடம் நீட்டினார்.

"சுரண்டினால் கொழும்பிலை காட்ட ஒண்டும் இல்லை, சேர்."

"சுரண்டாட்டி அது கறள். கறள் எண்டால் நாளைக்கு உடைக்க வேணும். பூசினது எண்டால், அரசாங்கச் சாமானைப் பழுதாக்கின உத்தியோகத்தர் நீர். எது வேணும்?"

நான் இன்னும் நிரந்தரமாக்கப்படாத உத்தியோகத்தர். இரண்டில் எதைச் சொன்னாலும் ஒரு கடிதம் போகும். செல்லையாவைப் பார்த்தேன். அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை; அவர் சுவரில் இருந்த கலண்டரை வாசித்துக்கொண்டிருந்தார்.

"பெரிசை வந்து பாருங்கோ, சேர்," என்றார் எஞ்சினியர். "இது அதின்ரை பிரதி எண்டு கண்டாப் பிறகு முடிவெடுங்கோ."

தலைவர் கை கழுவினார். "வாறன். ஆனா இந்த முறை நான் ஏமாறன்."

6. காயாத பெயின்ற்

நாவலடிக்குளத்தில் விதானையாரும் பத்துப் பதினைந்து கமக்காரரும் குளக்கட்டில் நின்றார்கள். காலபோக நெல் பால்பிடித்து நின்றது. அறுவடைக்கு இன்னும் இரண்டு தண்ணீர் வேண்டும். குளத்தில் அதற்கு மட்டுமட்டாக இருந்தது.

கூட வந்த மற்ற இரண்டு அங்கத்தவர்களையும் கட்டின் மேல் விட்டு, தலைவர் வாய்க்காலில் இறங்கி, கதவுக்கு முன்னால் போய் நின்றார். நான் மொடலைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஆணிக்கு ஆணி, ஒழுக்குக்கு ஒழுக்கு. சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் இருண்டது. சுட்டுவிரலால் உண்மைக் கதவைத் தேய்த்தார். விரல் சிவந்தது.

"இது கையிலை ஒட்டுது."

"ஓம் சேர்."

"அது ஒட்டேல்லை."

"அது வார்னிஷ் அடிச்சது, சேர்."

விரலை முகர்ந்தார். என்னைப் பார்த்தார். "இது எப்ப பூசினனீர்? இன்னும் காயேல்லை."

விதானையார், "ஐயா, அது எங்கடை கறள் ஐயா," என்றார். பெற்ற பிள்ளையைச் சந்தேகித்தது போல் அவர் குரல் இருந்தது.

"அதையும் கறள் எண்டுதான் நம்பினனான்," என்றார் தலைவர். "இனிக் கண்ணை நம்ப மாட்டன். பாஸ், அந்தச் சுத்தியலை எடும். நல்ல இரும்பு எண்டால் சத்தம் சொல்லும்."

காசிம் பாஸ் சுத்தியலோடு வந்தார். "எங்கை அடிக்க, சேர்?"

தலைவர் குடை நுனியால் கீழ் இடது மூலையைக் காட்டினார்.

"சேர் கொஞ்சம் தள்ளி நிண்டால் நல்லது."

"நீர் அடியும்."

பாஸ் ஓங்கி அடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் படலையைத் தட்டுவது போலத்தான் தட்டினார். சுத்தியல் போன கையோடு உள்ளே போய்விட்டது. அதை வெளியே இழுத்ததும் உள்ளங்கை அளவு ஓட்டையால் குளம் வெளியே வந்தது. தலைவருக்கு இடுப்புக்குக் கீழே, மிகச் சரியாக லோங்ஸின் மடிப்பில், செங்கட்டி நிறத்தில் அடித்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தத் தண்ணீர் நாற்பது வீட்டு நெல். விதானையார் வேட்டியை மடித்துக் கட்டியபடி, "சாக்கு, சாக்கு கொண்டு வாங்கோடா," என்று கட்டின் மேல் ஓடினார். சாக்கு ஜீப்பில் இருந்தது. நிரப்புவதற்கு வைக்கோல் என் பெட்டியில் இருந்தது. நான் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினேன். வைக்கோலோடு களிமண் திணித்தார்கள். சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தலைவர். அவரை ஒருவரும் கேட்கவில்லை, அவராகவே பிடித்தார். இரண்டு பேர் குளத்துப் பக்கம் மூழ்கிச் சாக்கை விட, தண்ணீரே அதை இழுத்து ஓட்டையில் அடைத்தது. அது நின்ற பிறகு இன்னும் ஆறு சாக்கு. ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. தண்ணீர் நாலு விரல் மட்டம் இறங்கியிருந்தது. நெல் தப்பும் என்று விதானையார் கணக்குப் பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

விதானையார் ஈரம் சொட்ட என்னிடம் வந்தார்.

"தம்பி, இப்ப அந்த ஓட்டையைப் போடலாம்தானே?"

7. ஒரு சொல்

தலைவர் குளக்கட்டில் உட்கார்ந்து, மூக்குப்பேணியில் தேத்தண்ணீர் குடித்தார். ஒரு கடி பனங்கட்டி, ஒரு மிடறு தேத்தண்ணீர். பாதி முடிந்ததும் கழிவுப் பட்டியலைக் கேட்டார். செல்லையா பைலைத் திறந்து கொடுத்தார்.

"கதவு, துருசு, இரும்பு, சிறியது, ஒன்று" என்ற வரியைத் தலைவர் கண்டுபிடித்தார். பேனையை எடுத்து, "சிறியது" என்ற ஒரு சொல்லை வெட்டினார். பக்கத்தில், "பாவனைக்கு உதவாது, புதியது உடன் பொருத்தப்பட வேண்டும்" என்று எழுதினார். மூவரும் ஒப்பமிட்டார்கள்.

"நாங்கள் கொண்டெம் பண்ணினது இந்தக் கதவைத்தான்," என்றார். "சின்னன் எண்டு விழுந்தது எழுதின ஆளின்ரை பிழை."

"என்ரை இருபத்திரண்டு வரியத்திலை..." என்று செல்லையா எழும்பினார். எஞ்சினியர் அவர் தோளை அமர்த்தினார்.

"அப்ப ஸ்டோரிலை பதிஞ்ச சின்னக் கதவை என்ன செய்யிறது, சேர்?" என்றார் செல்லையா.

"எந்தச் சின்னக் கதவு?" என்றார் தலைவர். மொடல் அவருடைய செருப்புக்கு அருகில்தான் இருந்தது.

என் பழைய ஆசிரியர் அங்கே இருந்திருந்தால் அந்தக் கடதாசியைக் குப்பைக் கூடையில் போட்டிருப்பார். அதில் எழுதியது அவர்கள் கண்டதும் இல்லை, நினைத்ததும் இல்லை. என்னையும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கந்தோருக்குத் திரும்பியதும் செல்லையா மொடலை என் கையில் வைத்தார். "புத்தகத்திலை இல்லாத சாமானை நான் வைச்சிருக்கேலாது. கொண்டு போம்." அடுத்த இரண்டு மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை.

தகரம் வெட்டும் கத்தியால் கீழ் இடது மூலையில் ஓட்டை வெட்டி, அதன் விளிம்புக்கும் கறள் கீறிக் கொடுத்தேன். எஞ்சினியர் மொடலையும் பட்டியலின் பிரதியையும் கொண்டு கொழும்புக்குப் போனார். கூட்டத்தில் பட்டியலைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் புதிய கதவு ஒதுக்கினார்கள். போர்ட் கழித்த பொருளுக்கு மாற்றுக் கொடுக்க மறுக்க முடியாதாம். மொடலை ஒருவரும் பார்க்கவில்லை. மின்விசிறிக் காற்றுக்குக் கடதாசிகள் பறந்தபோது அவற்றின் மேல் அதைத் தூக்கி வைத்தார்களாம்.

"நல்லா உதவினது ஐசே," என்றார் எஞ்சினியர்.

புதிய கதவு மாரிக்கு முன் பொருத்தப்பட்டது. அடுத்த சித்திரையில் குளத்தில் அரைவாசிக்கு மேல் தண்ணீர் நின்றது. மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு நாவலடிக்குளத்தில் மறுபடி சிறுபோகம் விதைத்தார்கள். புதிய கதவில் ஒரு பொட்டுக் கறள் வந்தாலும் சொல்லும்படி விதானையார் காசிம் பாஸிடம் கேட்டுக்கொண்டார். பார்க்க அல்ல, சுரண்ட.

மொடல் செய்யும் தம்பிமாருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். கறளை எவ்வளவு நன்றாக வேண்டுமானாலும் பூசுங்கள். ஆனால் அடியில் பெருவிரல் அளவு இடத்தை வெறுந்தகரமாக விடுங்கள். பிறகு நான் செய்த பாலம், பம்ப், புல்டோசர் எல்லாவற்றிலும் அப்படி விட்டேன். நாம் செய்தது என்ன என்று காட்ட, நல்ல வேலையைக் கெடுக்காமல் சுரண்டக்கூடிய ஓர் இடம் வேண்டும். அது இருந்திருந்தால் பட்டர்க் கத்திக்கு முன்னால் நான் அப்படி நின்றிருக்க மாட்டேன்.

அடுத்த வருடமும் அதே தலைவர் போர்டோடு வந்தார். அந்த முறை நான் ஸ்டோரிலேயே நின்றேன். கறள் பிடித்த மண்வெட்டி ஒன்றைத் தூக்கினார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், தலைகீழாகப் பிடித்து அடியைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இது உம்மடையோ?"

"இல்லை, சேர். அது கறள்."

விரலால் தேய்த்தார். விரல் சிவந்தது. முகர்ந்தும் பார்த்தார்.

"எதுக்கும் அடுத்த வரியம் பாப்பம்," என்று மண்வெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தார்.